எட்டத்துச் சக்கரம்

புசாய் மலையில் பூச்செடி வளர்த்து, செபு நகரத்துக்கு இறக்கி விற்கிற லியோனிசாவுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஒரே கவலை. கப்பல் வேலைக்குப் போன புருஷன் அர்னுல்போ, ஒன்பது மாதம் கழித்து, மறுநாள் காலை விமான நிலையத்தில் வந்து இறங்குகிறான். அவளுடைய குட்டி வண்டியிலோ பிரேக் இல்லை. அது ஓடவில்லையென்றால் மைத்துனனின் ஜீப்தான். ஜீப் என்றால் முன்சீட்டில் மாமியார், பின்னால் மூன்று நாத்தனார்கள், நடுவில் புருஷன். பெண்டாட்டி கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரவேண்டியதுதான்.

குழாய் மூட்டு கசிந்து, பிரேக் எண்ணெய் வற்றி, உள்ளே காற்று புகுந்திருந்தது. மூட்டை அவளே இறுக்கிவிட்டாள். இனி காற்றை விரட்ட வேண்டும். அது இரண்டு ஆள் வேலை. ஒருத்தர் பெடலை மிதிக்கணும், இன்னொருத்தர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூடணும்.

வழியில் ஏதோ ஊரில் விமானம் மாறக் காத்திருந்த அர்னுல்போ போனில் சொன்னான். "எங்கண்ணனக் கூப்பிட்டுக்கோ."

"உங்கண்ணனா? மிதின்னா விடுவான், விடுன்னா மிதிப்பான்."

"அப்ப மெக்கானிக்குகிட்ட விடு."

"செவ்வாக்கிழமதான் கைவைப்பானாம். அதுவரைக்கும் நீ வானத்துலயே சுத்திட்டு இருக்கியா?"

"சரி, கேட்டுக்கோ. எண்ணெய் டப்பாவுக்கு எட்டத்துல இருக்கிற சக்கரத்துல ஆரம்பி. பின்னால, வலது பக்கம். எம்மாம் பெரிய கப்பல் இன்ஜினைப் பாக்குறவன் சொல்றேன்."

"கப்பலுக்கு ஏதுய்யா சக்கரம்?"

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

தனி ஆளாகச் செய்ய ஒரு வழி அவளுக்குத் தெரியும். வண்டிக்கு முட்டுக்கொடுத்தாள். காலி வினிகர் பாட்டிலில் கொஞ்சம் பிரேக் எண்ணெய் ஊற்றி, அதில் மீன்தொட்டிக் குழாயின் ஒரு நுனியை முக்கினாள். மறுநுனியைத் திருகில் மாட்டினாள். நுனி எண்ணெயில் முங்கியிருந்தால் வெளியே போன காற்று திரும்பி வராது. திருகைத் தளர்த்தி, போய் மிதித்து, வந்து குமிழியைப் பார்த்து, மறுபடி போய் மிதிக்கலாம்.

பைக் டாக்சி ஓட்டுகிற பக்கத்து வீட்டு நெமெசியோ மதில்மேல் கையூன்றினார். "தனியா முடியாதும்மா. நான் வந்து மிதிக்கட்டா?"

"நீங்க நாலு மிதி மிதிச்சா மத்தியானம் சோறு போடணும், சாயங்காலம் ரம்மு ஊத்தணும், அப்புறம் நீங்க பாடுறதக் கேக்கணும். வேணாம்ண்ணே."

"பாட்டு நல்லாத்தானே இருக்கும்?"

"உங்க நாயக் கேளுங்க."

பின்வலது, பின்இடது, முன்வலது, முன்இடது என்று நான்கும் முடித்து மிதித்துப் பார்த்தாள். ஊறின ரொட்டியை மிதித்த மாதிரி பெடல் அடிவரைக்கும் போனது. நெமெசியோ வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மறுபடி எண்ணெய் ஊற்ற வேண்டும். ஓட்டுகிற சீட்டிலிருந்து இறங்கி, வண்டியைச் சுற்றி வலது பக்கம் போய், டப்பாவின் மூடியைத் திருகியவள் அப்படியே நின்றாள். காலையிலிருந்து இருபது தடவை இதே சுற்று. பெடல் இடது பக்கம். பெடலுக்கு நேரே இருக்கவேண்டிய டப்பா மட்டும் ஏன் வலது பக்கம்?

ஜப்பானில் ஓடித் தேய்ந்து, கப்பலேறி வந்த பழைய வண்டி அது. இங்கே ஸ்டியரிங்கையும் பெடலையும் இடது பக்கம் மாற்றின புண்ணியவான், டப்பாவைப் பழைய இடத்திலேயே விட்டு, பெடலையும் அதையும் இணைக்க நடுவே ஒரு கம்பி கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டான். டப்பா வலது பக்கம் என்றால் எட்டத்துச் சக்கரம் பின்இடது. மிதிக்க இன்னொரு ஆள் இருந்திருந்தால் அவள் இப்படிச் சுற்றியிருக்க மாட்டாள். இது தெரிந்தும் இருக்காது.

பின்இடதில் குழாயை மாட்டி மிதித்தாள். பாட்டிலில் குமிழி சோற்றுக்கஞ்சி மாதிரி கொதித்து வந்தது. நான்கும் முடிந்ததும் பெடல் கல்லாக நின்றது. முற்றத்தில் உருட்டி நிறுத்தினாள். பிறகு மாதா கோயில் இறக்கத்தில் விட்டு, பாதியில் அழுத்தினாள். வண்டி நின்றது. பின்னாலேயே பைக்கில் வந்த நெமெசியோதான் பூச்செடிக்குள் போய் நின்றார்.

வீட்டுக்கு வருவதற்குள் மாமியாரின் போன். "வண்டி சரியாயிருச்சாமே? நெமெசியோ சொன்னான். அப்ப ஜீப்பு எதுக்கு? நாளைக்கு நாங்க எல்லாரும் உன் வண்டியிலயே வந்துர்றோம்."

"முடியாதத்தே. இந்த பிரேக்கு ரெண்டு பேரு கனத்தத்தான் தாங்குமாம். மெக்கானிக் கண்டிச்சு சொல்லிட்டாங்க."

"எந்த மெக்கானிக்குடி?"

"நாந்தான்."