நோ ப்ராப்ளமும் என் வலது முழங்காலும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் "நோ ப்ராப்ளம்" என்றால் ஏதோ பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தம். பிரச்சினை இல்லாதவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான்.

"மழை வரும்போல இருக்கே, லோரி மேடு ஏறுமா?"

"நோ ப்ராப்ளம்லா."

தள்ளுவதற்கு நாலு பேரைக் கூட்டி வா என்பதுதான் அதன் பொருள். தானா ராத்தா டவுனிலிருந்து சாமான் வாங்கிவரச் சொன்னால், என் "நோ ப்ராப்ளம்" என்பதற்கு மறந்துவிடுவேன் என்று பொருள். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல இங்கே யாருக்கும் வாய் வராது.

இது தெரியாத ஒரே ஆள், ஈப்போவிலிருந்து புதிதாக வந்த மேனேஜர். என்னைவிட இருபது வயது சின்னவர். இருந்தாலும் தோட்டத்தில் மேனேஜர் என்றால் துரைதான்.

நான் கொழுந்து வெட்டுகிறவர்களுக்குக் கங்காணி. சரிவில் ஏறி இறங்கி, என் வலது முழங்கால் எண்ணெய் காணாத கதவுபோல் முனக ஆரம்பித்திருந்தது. அதனால் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டும் வேலை காலியாகப் போகிறது என்றதும் அதன்மேல் கண் வைத்தேன். சமதரை, தலைக்கு மேல் கூரை, குடிக்கத் தேநீர். வேறென்ன வேண்டும்?

"அண்ணே, சனிக்கிழமை டூரிஸ்ட் பஸ் வருது. இங்கிலீஷ்ல வெளக்கிச் சொல்வீங்களா? நல்லா செஞ்சா வேலை ஒங்களுக்குத்தான்" என்றார் துரை.

"நோ ப்ராப்ளம், துரை."

நம்பிவிட்டார், பாவம்.

"ஒங்க மொத்த இங்கிலீஷும் அதோட முடிஞ்சுதே. மிச்சத்துக்கு என்னங்க செய்வீங்க?" என்று கேட்டாள் மனைவி.

மகள் இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். மனப்பாடம் செய்தேன். சனிக்கிழமை பஸ் கதவு திறந்ததும் மனப்பாடம் செய்ததெல்லாம் மூடுபனியோடு போய்விட்டது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையிலிருந்த கொழுந்தைத் தூக்கிக் காட்டினேன்.

"டூ லீப், ஒன் பட், நோ ப்ராப்ளம்." முற்றல் இலையைக் காட்டினேன். "ஓல்ட் லீப், ப்ராப்ளம்."

சிரித்தார்கள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இலை சுருட்டும் இயந்திரத்தருகே, "டீ இன்சைட், நோ ப்ராப்ளம். ஹேண்ட் இன்சைட், பிக் ப்ராப்ளம்" என்றேன். கடைசியில் தேநீர் ஊற்றும்போது, "ஷுகர், நோ ப்ராப்ளம். மை வைப் சீ, ப்ராப்ளம்." பஸ்ஸே கைதட்டியது.

அப்போது ஒரு வெள்ளைக்கார அம்மாள் நீளமாக ஏதோ கேட்டார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. பழக்கதோஷம், "நோ ப்ராப்ளம்" என்றேன். எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

துரை என் காதருகே வந்தார். "மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போவீங்களான்னு கேட்டாங்கண்ணே."

துரையும் கூட வர, ஏறினேன். உச்சியில் அவர்கள் படம் எடுக்க, நான் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சூப்பர்ணே! வேலை ஒங்களுக்குத்தான். தெனமும் ரெண்டு தடவ இங்க கூட்டிட்டு வந்துடலாம். கால் ஒண்ணும் பண்ணலியே?"

முழுசாகச் சொல்ல மூச்சு இல்லை. பாதிதான் வந்தது.

"ப்ராப்ளம், துரை."

அவர் என் காலைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். "மொதல்லயே சொல்லக் கூடாதா? நீங்க கீழ பேக்டரிய மட்டும் பாருங்க. மேல ஏற வேற ஆள் போடறேன்."

முடியாது என்று சொன்னதற்கு வேலை கிடைத்தது எங்கள் தோட்டத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

வீட்டில் காலுக்குத் தைலம் தேய்த்தபடி கதையை அளந்துகொண்டிருந்தேன். மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"பரண்ல இருக்கற பெரிய சட்டிய எடுத்துத் தர்றீங்களா?"

"நோ ப்ராப்ளம்."

அவள் ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.