முப்பத்தெட்டு அடி

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். இன்னொருவர் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே 'வேலையத்தவன் பேச்சு' என்று எழுந்து போகிறவன் நான். ஆனால் இது பட்டப்பகலில் நடந்தது.

சமஸ்தானம் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். புதுக்கோட்டையில் பஸ்ஸும் லாரியும் பெருகி, ராஜ வீதிகளை அகலமாக்கத் திட்டம் போட்டார்கள். கட்டடங்களை அளந்து படம் போடும் தற்காலிக சர்வேயர் நான். அன்று நாலு மணிக்குள் படம் கொடுத்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். வடக்கு ராஜ வீதியில் ஒரே ஒரு கட்டடம்தான் பாக்கி, அரண்மனை சாரட்டு வண்டிகளை நிறுத்திவைத்த பழைய இடம்.

பாழடைந்த கட்டடம் என்றால் முதலில் விளக்கோடு போய்த் தரையைக் கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் அது பாலபாடம். மணி மூன்றாகிவிட்டதால் நான் அதைச் செய்யவில்லை. அளக்கும் டேப்பின் முனை வளையத்தைப் பிடிக்கும் முத்தையா என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மூன்று பெண்களைப் பெற்றவர். அவரை இருட்டு நடைக்குள் அப்படியே அனுப்பினேன்.

"அங்கிட்டு ஒண்ணும் தெரியலீங்களேய்யா" என்றார்.

"போங்க முத்தையா. பின்சுவத்துல வச்சுட்டு ரெண்டு இழுப்பு இழுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

டேப் ஓடியது, நின்றது, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓடியது. இரண்டு இழுப்பு வந்தது. முப்பத்தெட்டு அடி என்று எழுதிக்கொண்டு "வாங்க" என்று கத்தினேன். திரும்பினால் முத்தையா தெருவிலிருந்து டீயோடு வருகிறார்.

"நீங்க எப்படி இங்க?"

"நீங்கதானேய்யா பக்க வாசல்ல நின்னு, அதக் கீழ வச்சுட்டு மொதல்ல டீ வாங்கிட்டு வாங்கன்னு கூப்பிட்டீங்க? வளையத்த அங்கனயே போட்டுட்டு அந்த வழியாத்தான் போனேன்."

நான் முன்வாசலில் நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. டேப் அப்போதும் என் கையில் விறைப்பாக இருந்தது. பக்கத்து சைக்கிள் கடையில் டார்ச் வாங்கி அடித்துப் பார்த்தோம். நடையின் பாதியில் இருந்த அந்தப் பக்க வாசலைத் தாண்டி உள்ளே இரண்டே எட்டில் தரை இல்லை. பழைய கிணறு, மூடியிருந்த பலகை மக்கி உள்ளே விழுந்திருந்தது. ஓரத்தில் ஒரு கால் வைக்கக்கூட இடமில்லை. டேப் அதற்கு மேலாக நேரே போய் பின்சுவரில் நின்றது. வளையத்தை மாட்ட அங்கே ஒரு ஆணிகூட இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தளர்ந்து கிணற்றுக்குள் விழுந்தது.

படத்தைக் கொடுத்தேன், வேலையும் நிரந்தரமாயிற்று. பிறகு அந்தக் கட்டடத்தை இடித்தபோது போய் அளந்தேன். முப்பத்தெட்டு அடி சரியாகத்தான் இருந்தது. அதையாவது தற்செயல் என்று தள்ளிவிடலாம்.

முத்தையா தன் பெண்களின் கல்யாணம் ஒவ்வொன்றிலும் என்னை முதல் பந்தியில் உட்காரவைத்து, "எனக்கு உசுரு குடுத்தவரு இவருதாங்க" என்று எல்லாரிடமும் சொன்னார். நான் அனுப்பியது கிணற்றுக்கு. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டேன்.

கடைசிப் பெண்ணின் கல்யாணத்தில் இலைக்கு முன்னால் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு என்னய அண்ணேன்னு கூப்பிட்டீங்க பாருங்க, அதான்யா திரும்பிப் பாத்தேன்."

அது என் குரல்தான் என்கிறார். நான் அவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.