ராணியின் முதுகில் வந்த புண்ணும் ஆண்டவர் அனுப்பிய உதவியும்

அன்பான சகோதர சகோதரிகளே, 1973ஆம் ஆண்டு கார்த்திகை மழையில், என் குதிரையைச் சுட்டுவிட வேண்டும் என்று எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், பேச்சு எழுந்தது. எனக்கு அந்தக் குதிரைதான் கால். அப்போது ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைத்து வைக்க என்னால் முடியாது.

என் ஊர் யாழ்ப்பாணத்துப் புத்தூர். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் என் இரண்டு கால்களும் விளங்காமல் போயின. சந்தியில் மணிக்கூடு, கைக்கடிகாரம் திருத்தும் ஒரு சிறிய கடை வைத்திருந்தேன். அங்கே போக யாராவது என்னைத் தூக்கிச் சைக்கிளில் இருத்த வேண்டும். எனக்குக் கலியாணமான பிறகு, மனைவி அன்னம்மாவின் உறவினர்கள் நெடுந்தீவிலிருந்து ஒரு மட்டக்குதிரையை வள்ளத்தில் ஏற்றி அனுப்பினார்கள். ராணி என்று பெயர் வைத்தோம். நான் தவழ்ந்தே ஏறக்கூடிய தாழ்ந்த வண்டி ஒன்றைத் தச்சர் செய்து தந்தார். அதன் பிறகு என்னை யாரும் தூக்கவில்லை. கடைக்கும் ஆலயத்துக்கும் நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. ராணியின் கொட்டில் ஒழுகியது. முதுகு நனையாமலிருக்க ஒரு சாக்கைப் போட்டு வைத்தோம். சாக்கும் நனைந்தது. ஒரு நாள் அதை எடுத்தபோது முதுகு முழுவதும் பொருக்கு. மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றது. சொறி என்று நினைத்தோம். வண்டிக்காரர் ஒருவர் சொன்னபடி பழைய இயந்திர எண்ணெயில் கந்தகம் குழைத்துப் பூசினோம். புண் பின்பக்கத்துக்கும் விலாவுக்கும் பரவியது. தொட்டாலே ராணி நடுங்கினாள். வண்டியில் பூட்ட முடியவில்லை. நான் வீட்டோடு கிடந்தேன்.

பிறகு அயலவர்கள் பயந்தார்கள். முன்வீட்டுக் கந்தையா அண்ணை நல்ல மனிதர். அவர்தான் ஒரு மத்தியானம் வந்து சொன்னார்.

“தம்பி, எனக்கு உன்னிலை ஒரு கோவமும் இல்லை. ஆனால் எங்கடை பிள்ளையளுக்கும் மாடுகளுக்கும் தொத்தினால் நாங்கள் என்ன செய்யிறது? ஊர் விதானையாரிட்டைக் கதைச்சிட்டம். ஞாயிறு கழிய ஒரு ஆள் குதிரையைச் சுடத் துவக்கோடை வரும்.”

அவர் போன பின்பு தவழ்ந்து கொட்டிலுக்குப் போனேன். எனக்கு மேலே மழை ஒழுகியது. ராணி தலையைக் குனிந்து என் தோளில் வைத்தாள். நான் வாய்விட்டு அழுதேன். “ஆண்டவரே, நீர் எனக்குக் கால் தரேல்லை. அதுக்காக நான் உம்மோடை வழக்காடினதில்லை. தந்த இந்தச் சீவனை மட்டும் எடுத்துப்போடாதேயும்” என்று கேட்டேன். அன்னம்மாவும் வந்து பக்கத்தில் முழந்தாளிட்டாள். எழுந்தபோது மனதில் ஒரு சமாதானம் இருந்தது. ராணியின் முதுகு அப்படியேதான் இருந்தது.

மறுநாள் காலை எங்கள் வாசற்படலையில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. பக்கத்து ஊரான நீர்வேலியில் ஒரு பசுவைப் பார்க்கப் போன ஜீப் எங்கள் ஒழுங்கைச் சேற்றில் புதைந்துவிட்டதாம். சில்லுக்குக் கீழே வைக்கப் பலகை இருக்கிறதா என்று கேட்டார். அவர் புதிதாக மாற்றலாகி வந்த மிருக வைத்தியர். அன்னம்மா பலகை எடுக்கப் போக, அவருடைய கண் கொட்டிலுக்குப் போனது.

“உந்த எண்ணெயை ஆர் பூசச் சொன்னது?” என்று கேட்டபடியே உள்ளே வந்துவிட்டார்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சாக்கைத் தூக்கி எறிந்தார். ஒரு பொருக்கை மெல்ல நனைத்து எடுத்தார். மயிர்க்கொத்து பெயின்ற் அடிக்கும் தூரிகை மாதிரி அதோடு கழன்று வந்தது. கீழே ஈரமான சிவந்த தோல்.

“அண்ணை, இது மரத்திலை சுவரிலை உரஞ்சுதோ?”

“இல்லை.”

“சொறி எண்டால் உரஞ்சிக்கொண்டே நிக்கும். இது மழைப்புண். தோல் காயாமல் நிண்டதாலை கிருமி பிடிச்சிருக்கு. நான் நுவரெலியாவிலை பந்தயக் குதிரையளோடை வேலை செய்தனான், அங்கை இந்தப் புண்ணை நிறையக் கண்டிருக்கிறன். மருந்து போட மாறும். சுடத் தேவையில்லை.”

சகோதரரே, எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணம் முழுவதும் தேடினாலும் குதிரை வைத்தியம் பழகிய ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினம். அவருடைய ஜீப்பை ஆண்டவர் என் படலைக்கு முன்னால் நிறுத்தினார்.

அவர் ஊசி போட்டார், அதற்காகத் திரும்பவும் பல நாட்கள் வந்தார். இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் கொண்டு பொருக்கை ஊறவைத்துத்தான் கழற்ற வேண்டும், காய்ந்ததைப் பிய்க்கக் கூடாது என்றார். பிறகு நன்றாகத் துடைத்து, அவர் தந்த அயடின் மருந்துத் தண்ணீரால் கழுவ வேண்டும். கழன்ற பொருக்கை எரித்துவிட்டுக் கையைக் கழுவ வேண்டும். அன்னம்மா நின்று முதுகைக் கழுவினாள். நான் நிலத்திலிருந்து வயிற்றையும் கால்களையும் கழுவினேன்.

அந்த முதல் நாள் போகும்போது வைத்தியர் கந்தையா அண்ணையின் வீட்டுக்கும் போனார். ஈரத்தில் விட்டால் மாட்டுக்கும் இது வரலாம், ஆனால் காய்ந்த இடத்தில் தனியாகக் கட்டி, மருந்து போட்டால் பயமில்லை என்று விளக்கினாராம். அன்று பின்னேரமே அண்ணை பனையோலைக் கட்டோடு வந்தார். ஏணியை வைத்து ஏறிக் கொட்டிலை வேய்ந்தார். துவக்கோடு ஒருவரும் வரவில்லை.

வெயில் எறிக்கத் தொடங்கியது. புண்கள் காய்ந்தன. வெறும் தோலில் வெல்வெற் மாதிரிப் புதுமயிர் முளைத்தது. கிறிஸ்து பிறப்பான நத்தார் காலையில் ராணியை வண்டியில் பூட்டினேன். அவள் காதை நிமிர்த்திக்கொண்டு துள்ளி ஓடினாள். ஒழுங்கையில் எல்லோரும் படலைக்கு வந்து பார்த்தார்கள். கந்தையா அண்ணை சைவ சமயத்தவர். அவர் கையை உயர்த்தி, “தம்பி, உங்கடை ஆண்டவர் கேட்டிட்டார்” என்றார். ஆலயத்தில் நான் பாடவில்லை, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை அழுதுகொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அதன் பிறகு என் வாழ்க்கை மாறியது. வைத்தியர் எனக்குப் புண்களைப் பிரித்தறியப் பழக்கினார். வட்டமாக மயிர் கொட்டினால் படர்தாமரை, உரஞ்சித் தோல் தடித்தால் சொறி, மழை வழிந்த இடத்தில் பொருக்கென்றால் மழைப்புண். இன்று மாரி மழை வந்தால் ஆடு மாடு வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் பார்த்து, வைத்தியரிடம் சொல்லி அனுப்புகிறேன். நடக்க முடியாத என்னை எத்தனை வீட்டு வாசலுக்கு ஆண்டவர் கொண்டுபோகிறார்! அவருக்கே மகிமை.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஏதாவது ஒரு பாரம் இருக்கும். இது சின்னக் காரியம், இதையெல்லாமா அவரிடம் கேட்பது என்று தயங்க வேண்டாம். இருக்கிற இடத்திலிருந்தே கேளுங்கள். ஒரு மட்டக்குதிரையின் முதுகைப் பார்த்தவர் உங்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.