மூன்று ஊர்களில் மூன்று சிக்ரிட்டுகள், நான்காவதாக நான்

போன மாதம் அம்மாவின் கைப்பேசியை எதற்கோ கையில் எடுத்ததில்தான் இந்தப் பயணம் தொடங்கியது. என் பெயர் சிக்ரிட். சுவீடன் நாட்டுப் பெயர். வேடசந்தூர் சாலையில் முன்பு ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அம்மா அங்கே நர்சாக இருந்த காலத்தில் தலைமை நர்சாக இருந்த சுவீடன்காரப் பெண்ணின் பெயர் அது. பள்ளியில் எல்லோரும் என்னை ‘சிகரெட்’ என்றார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால், “இந்தச் சீமையிலேயே ஒரே ஒரு சிக்ரிட்தான்டி, அது நீதான்” என்பார் அம்மா. அதை நம்பித்தான் முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டினேன். கைப்பேசியிலோ என் படத்துக்குக் கீழே ‘சிக்ரிட் 2’ என்று இருந்தது.

ஒன்று யார் என்று கேட்டேன். “வேடசந்தூர்ல ஒரு பிள்ளை. ஆஸ்பத்திரில பொறந்தவ. எப்பவாச்சும் பேசுவா” என்றார். எப்பவாச்சும் இல்லை. அழைப்புப் பட்டியலில் நேற்று, முந்தாநாள், அதற்கு முந்தின நாள் என்று வரிசையாக இருந்தது. நான் திருச்சியிலேயே, அம்மா வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இருக்கிறேன். என்னோடுகூட அவ்வளவு பேசுவதில்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

துருவித் துருவிக் கேட்டதில் இன்னும் இரண்டு சிக்ரிட்டுகள் இருப்பது தெரிந்தது. அங்கே சிக்கலான பிரசவத்தில் பிழைத்த சில பெண் குழந்தைகளுக்கு நர்சம்மா பெயரையே வைத்தார்களாம். ஒருத்தி பழனியில், ஒருத்தி தொப்பம்பட்டியில். சனி, ஞாயிறு இரண்டு நாளில் மூவரையும் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். வேடசந்தூரைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். நியாயமாகத் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் திருச்சியிலிருந்து திண்டுக்கல் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பழனிக்குப் பஸ், ஒட்டன்சத்திரம் வழியாகச் சுமார் அறுபது கிலோமீட்டர். ஒட்டன்சத்திரம் சந்தை வாசலில் தக்காளி லாரிகள் குறுக்கே நின்றதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பழனி சிக்ரிட் அடிவாரத்தில் ஒரு லாட்ஜ் நடத்துகிறார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம். அவருடைய அப்பா அம்மா வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்த்தவர்கள். பிறகு பழனிக்கு வந்துவிட்டார்கள். என் பெயரைச் சொன்னதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“ஏனுங்க, நெசமாலுமே இதே பேருங்களா? ஆதார் கார்டைக் காட்டுங்க பாக்கலாம்.”

காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தார். “உங்களை யாரும் கேலி பண்ணலையா?” என்று கேட்டேன்.

“கேலிங்களா? சிகரத்துல இருக்கற முருகனுக்கு வேண்டிக்கிட்டுப் பொறந்ததால இந்தப் பேருன்னு நெனச்சுக்கறாங்க. நானும் மறுத்துச் சொல்றதில்லீங்க.”

அவருக்குச் சிகரம், எனக்குச் சிகரெட். அறைச் சாவியை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது எரிச்சலாக இருந்தது.

மாலையில் டவுன் பஸ் பிடித்துத் தொப்பம்பட்டி போனேன். முக்கால் மணி நேரம், வழியெல்லாம் தென்னந்தோப்பும் சோளக்காடும். அங்கே உள்ள சிக்ரிட் பள்ளிப் பெண்களுக்குக் கபடி சொல்லித் தருகிறார். மைதானத்தில் செம்மண் தூசிக்கு நடுவே இருபது குரல்கள் “சிக்ரிட் மிஸ், சிக்ரிட் மிஸ்” என்று கத்திக்கொண்டிருந்தன. என் பெயர் அப்படி ஒலித்து நான் கேட்டதே இல்லை.

“வெள்ளைக்காரம்மா பேருன்னு இங்க யாருக்கும் தெரியாதுங்க. கபடி மிஸ் பேருன்னுதான் தெரியும். ஊருக்குள்ள ரெண்டு குழந்தைகளுக்கு வெச்சிருக்காங்க” என்றார், முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே. நான் இன்சூரன்ஸ் ஆபீசில் ஃபைல் பார்க்கிறவள். என்னை நினைத்து யார் தன் பிள்ளைக்குப் பெயர் வைக்கப்போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி திண்டுக்கல் வந்து பஸ் மாறி, கரூர் சாலையில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் வேடசந்தூர். வறண்ட பூமி. மில் காம்பவுண்டுகளும் சைக்கிள்களும் வெயிலும். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, போனில் சொல்லியிருந்தபடியே, ஒரு மில் பஸ் நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து, சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் இறங்கினார். சிக்ரிட் ஒன்று. மில் தொழிலாளர்களை ஊர் ஊராகப் போய் ஏற்றி வருவது அவருடைய வேலை.

“வா தங்கச்சி. அப்படியே அம்மா நெத்தி உனக்கு. ரெண்டு மணிக்குத்தான் அடுத்த டிரிப்பு. செத்த நேரம் உக்காந்து சாப்பிடலாம் வா.”

தங்கச்சியாம். பக்கத்து மெஸ்ஸில் உட்கார்ந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. “அம்மாவோட தினமும் அம்புட்டு என்ன பேச்சு உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “பாலு குடுத்தவுங்க பேசாம இருப்பாங்களா?”

எனக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. “உனக்குச் சொல்லலையா?”

சொல்லியிருக்கவில்லை. அவர்தான் சொன்னார். அவரைப் பெற்றவள் பிரசவத்தில் வலிப்பு வந்து இறந்துபோனாள். அதே வாரம் அதே ஆஸ்பத்திரியில் என் அம்மாவுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்து, இரண்டு நாள்கூடத் தங்கவில்லை. நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு. சுவீடன்கார நர்சு தாயில்லாத குழந்தையைக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாராம். நான்கு மாதம் அம்மாதான் பால் கொடுத்து வளர்த்தார்.

“சிக்ரிட்ங்கிறது உங்கம்மா அவுங்க பிள்ளைக்குன்னு நெனச்சு வச்சிருந்த பேரு. அதத்தான் எனக்கு வச்சாங்க. அப்புறம் எங்கப்பா வந்து என்னையத் தூக்கிட்டுப் போயிட்டாரு.”

நான் ஒற்றைப் பிள்ளை என்றே வளர்ந்தவள். எனக்கு ஒரு அக்கா இருந்திருக்கிறாள். அவளுக்குச் சுரந்த பாலைக் குடித்த இன்னொருத்தி எதிரே உட்கார்ந்து சாம்பார் ஊற்றிக்கொள்கிறாள். அந்தப் பெயர் என்னிடம் வந்ததோ மூன்றாவது கையாக. துக்கமாக இருந்தது. அதைவிடப் பொறாமையாக இருந்தது. செத்துப்போன குழந்தை மீதும்கூட. இதை எழுதவே கூச்சமாகத்தான் இருக்கிறது.

வெளியே வந்து அம்மாவுக்கு போன் போட்டேன். “ஏம்மா என்கிட்டச் சொல்லல?”

“என்னன்னு சொல்ல? அவளைக் குடுத்த அன்னிக்குப் பாலு கட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் நீ பொறக்குற வரைக்கும் நான் எந்தப் பிள்ளையையும் தூக்கினதில்ல.”

“எனக்கு ஏன் மறுபடி அதே பேரு?”

“வேற எந்தப் பேரும் வாயில வரலடி.” மூக்கை உறிஞ்சினார். பிறகு, “அவ சாப்பிட்டாளா?” என்று கேட்டார்.

விடிந்ததிலிருந்து அலைந்தது நான். “சாப்பிடுறாம்மா” என்றேன்.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம், கிருத்திகை நாட்களில் பழனியில் அறை கிடைப்பது கஷ்டம். தொப்பம்பட்டியிலிருந்து திரும்பும் கடைசி டவுன் பஸ் எப்போது என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். வேடசந்தூருக்குத் திண்டுக்கல்லிலிருந்து நாள் முழுக்கப் பஸ் உண்டு. தண்ணீர் எடுத்துப் போங்கள், மத்தியான வெயில் லேசானதல்ல. மில் பஸ்ஸில் வெளியாட்களை ஏற்றமாட்டார்கள். நான் கேட்டேன், ஓட்டுகிற சிக்ரிட் அக்காவே மறுத்துவிட்டார். வீட்டில் சொல்லாத கதை உள்ள ஊருக்குப் போவதானால் தனியாகப் போகாதீர்கள். திரும்பி வரும் ரயிலில் ஒன்றரை மணி நேரம் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பது கடினம்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. நான் கூப்பிட்டதன் பேரில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா திருச்சிக்கு வந்தார். அம்மா வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தார். நடுத்துண்டுகள் இரண்டும் அக்கா தட்டுக்குப் போயின, எனக்கு வால் வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் போல. அக்கா பேச்சை நிறுத்தாமலே ஒரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் முள்ளை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன்.