தாண்டிப் போன தட்டு

போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு பழைய பிரெஞ்சு நாவலைத் தமிழில் படித்தோம். வட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்... திண்டுக்கல்லில் ஆறு பெண்கள், ஞாயிறு மதியம், வாரம் ஒரு வீடு, அவ்வளவுதான்.

கதாநாயகியின் புருஷன் நல்லவன்தான். ஆனால் அவனோடு வாழ்வது அவளுக்கு மூச்சு முட்டுகிறது. ஊர் பேசிப் பேசியே அவளை ஒரு வழி பண்ணிவிடுகிறது. கதை இதுதான்.

அன்று கூட்டம் என் வீட்டில். "என்னா ஊருப்பா அது! ஒரு பொம்பளைய இம்புட்டா பேசுவாங்க?" என்று ஸ்டெல்லா மூக்கைச் சிந்தினாள். நான் அதற்கும் மேலே போய், அந்த ஊர்க்காரர்களைக் கிழி கிழி என்று கிழித்தேன்.

பரிமளாவும் எங்கள் வட்டம்தான். கீரனூர்ப் பெண். புருஷனை விட்டு வந்து, இங்கே ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறாள். அடித்தாரா? இல்லை. குடித்தாரா? இல்லை. "எங்கூடப் பேசவே மாட்டாருங்க" என்பாள். பதினோரு வருடம்! இதெல்லாம் ஒரு காரணமா என்று அவளைக் கேட்காத ஆளில்லை. எங்கள் வட்டத்தில்தான் யாரும் கேட்டதில்லை.

கிளம்பும்போது எல்லோருக்கும் குங்குமமும் பூவும் கொடுத்தேன். பரிமளா முன்னால் வந்ததும் ஒரு நொடி யோசனை. புருஷன் இருக்கிறார்... ஆனால் கூட இல்லையே... கொடுக்கலாமா? அதற்குள் தட்டு அவளைத் தாண்டிவிட்டது. சர்ச்சுக்குப் போகிற, குங்குமமே வைக்காத ஸ்டெல்லாவுக்குக்கூட ஒரு முழம் பூ கொடுத்தேன்!

அடுத்த ஞாயிறு பரிமளா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மல்லிகைப் பூவோடு கிளினிக்குக்கே போய் நின்றேன்.

"பூவை நானே வாங்கிக்குவேனுங்கக்கா" என்றாள். "கதையில வர்றவளுக்கு அத்தனை பரிஞ்சு பேசினீங்க. எனக்கு ஒரு முழம் பூ குடுக்க யோசிச்சீங்களே?"

"தப்புதான் பரிமளா. அதுக்காக வட்டத்த விட்றாத."

"நான் எதுக்குங்க விடோணும்? அடுத்த கூட்டத்த என் ரூம்ல வைங்க. தட்டை நான் நீட்டறேன். யார் எடுக்கறாங்கன்னு பாத்துருவோம்."

அங்கேயே நின்று நாலு பேருக்கும் போன் போட்டேன். ஒருத்திக்குத் திடீர் முட்டி வலி. இன்னொருத்தி, "உங்க வீட்லயே வைங்களேன்" என்று இழுத்தாள். நான் விடுவேனா? ஞாயிறன்று எல்லோரையும் ஒரே ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன்.

ஒற்றை அறை. பேசி முடித்ததும் பரிமளா தட்டோடு வந்தாள். யாரும் அசையவில்லை. நான் எழுவதற்குள் ஸ்டெல்லா பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பூ போதும். குங்குமத்த இவுகளுக்கு வையி" என்று என் முகத்தைப் பிடித்துத் தட்டின் பக்கம் திருப்பினாள். பரிமளா வைத்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள், முட்டி வலிக்காரி உட்பட.

வெளியே வந்து ஆட்டோ கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியில் காலணா அளவுக்கு அழுத்தி வைத்திருந்தாள்.

இருக்கட்டும்... ஊர் பார்க்கட்டும்!