நாகமுத்துவின் பெயர் ஒட்டிய பாட்டில்

பளு தூக்குவது ஒரு விளையாட்டு என்பது இருபத்திரண்டு வயது வரைக்கும் நாகமுத்துவுக்குத் தெரியாது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் நாலு பேர் சேர்ந்து கரையேற்றும் படகுக்கு அவன் இருந்தால் இன்னும் ஒருவர் போதும். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த பளு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக எழும்பிய இரும்புக் குழாய்க் கம்பெனிக்குக் கூலியாகப் போன முதல் வாரத்தில், கிரேன் பழுதாகி நின்ற ஒரு நாள், வழியை அடைத்துக் கிடந்த குழாயை அவன் தனி ஆளாகத் தூக்கி ஓரமாக வைத்தான். அதை ஜன்னல் வழியே பார்த்த வெல்ஃபேர் ஆபீசர் வீரராகவன், அவனைக் கம்பெனியின் பளு தூக்கும் குழுவில் சேர்த்துக்கொண்டார். பெரிய போட்டியில் ஜெயித்தால் வேலை பர்மனென்ட் என்றும் சொன்னார். அன்றிலிருந்து நாகமுத்துவும் அவன் மனைவி எல்லம்மாவும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இருந்தார்கள்.

அதே குழுவில் ஜோசப் இருந்தான், கடம்பத்தூர்க்காரன். சாராயத்தைத் தொடுவதில்லை என்று மாதா முன்னால் சத்தியம் செய்து அதைக் காப்பாற்றி வருபவன். மதியம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். எல்லம்மா கொடுத்தனுப்பும் இறால் குழம்பில் பாதி ஜோசப்புக்கு. சாப்பிட்டதும் அவன் ஒரு தகர டப்பாவைத் திறந்து ரோஸ் நிற மாத்திரை இரண்டை விழுங்குவான். மெட்ராஸ் ஜிம்மில் கொடுத்த சத்து மாத்திரை என்று நாகமுத்துவுக்கும் நீட்டினான். மாத்திரை என்றாலே குமட்டும் என்று இவன் மறுத்துவிட்டான். ஆறு மாதத்தில் ஜோசப்பின் சட்டைகள் ஒவ்வொன்றாகத் தோளில் கிழிந்தன. இருந்தாலும் எழுபத்தாறாம் வருஷத் தேர்வில் நாகமுத்து ஐந்து கிலோ கூடுதலாகத் தூக்கி முதலாவதாக வந்தான். வெளிநாட்டில் நடக்கப்போகும் போட்டிக்கு அவன் பெயர் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் திருமலை புதுப் படகை ஏரியில் இறக்கினான். அவர்கள் குப்பத்தில் படகு இறக்கும்போது கன்னியம்மனுக்குச் சாராயம் படைத்து, படகில் கை வைத்துத் தள்ளிய எல்லோரும் ஒரே கொட்டாங்கச்சியில் ஆளுக்கு ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். குடிக்காமல் விலகினால் படகுக்கு ஆகாது. மதுவிலக்கு திரும்ப வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தும் இந்த வழக்கம் நிற்கவில்லை. அண்ணன் படகு என்பதால் நாகமுத்து மூன்று மடக்குக் குடித்தான்.

மறுநாள் காலை வீரராகவன் அவன் பெயர் ஒட்டிய ஒரு சின்னப் பாட்டிலை அவனிடம் கொடுத்தார். மூத்திரம் பிடித்து மதியத்துக்குள் தர வேண்டும், போட்டி நடத்துகிறவர்கள் கேட்கிறார்கள் என்றார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நாகமுத்துவும் கேட்கவில்லை. கேட்பானேன்? சாராயக் கேஸில் போலீஸ் பிடித்துக்கொண்டு போன சித்தப்பாவை ஆஸ்பத்திரியில் பாட்டில் கொடுத்துத்தான் சோதித்தார்கள். குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. பர்மனென்ட் போய்விடுமே என்று பாட்டிலை வேட்டி மடியில் செருகிக்கொண்டான். நேராக ஜோசப்பிடம் போனான்.

"நீதான் குடிக்கிறதில்லியே. உன்னுத இதுல புடிச்சிக் குடுடா" என்றான்.

"இதுல இன்னா இருக்குது" என்று ஜோசப் சிரித்துக்கொண்டே பாட்டிலை வாங்கிப் போனான்.

இரண்டரை மாதம் கழித்து முடிவு வந்தது. டெஸ்ட்டில் நாகமுத்து தேறவில்லை என்று முதலில் சொன்னவர் கேட் வாட்ச்மேன் பரசுராமன். நாகமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் ஜோசப் திருட்டுத்தனமாகக் குடிக்கிறான்! மாதா முன்னால் சத்தியமாம்! ஆனால் வீரராகவன் சாராயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. மூத்திரத்தில் உடம்பைப் பெருக்க வைக்கும் மருந்து இருக்கிறதாம், விளையாடுகிறவர்கள் அதைச் சாப்பிடக் கூடாதாம். மாத இறுதியில் அவனை நிறுத்திவிட மேனேஜர் சொல்லிவிட்டார் என்றார். இவன் இடத்தில் ஜோசப் போவான்.

நாகமுத்து ஆபீசை விட்டு வெளியே வந்தான். ரோஸ் மாத்திரை அவன் கண் முன்னால் வந்தது. ஆனால் அது சத்து மாத்திரைதானே? சத்து எப்படித் தப்பாகும்? உண்மையைச் சொன்னால் குடித்ததைச் சொல்ல வேண்டும், பாட்டில் மாறியதையும் சொல்ல வேண்டும், ஜோசப்பையும் காட்டிக்கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் தொட்டே பார்க்காத மாத்திரைக்காக வேலை போகும். வீட்டில் எல்லம்மா என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு அவனால் முதலிலிருந்து கோவையாகச் சொல்லக்கூட முடியவில்லை.

மறுநாள் மதியம் ஜோசப் வந்தான். கையில் அதே மாதிரி ஒரு பாட்டில், அதில் ஜோசப் பெயர்; இந்தத் தடவை அவனிடம் கேட்டிருந்தார்கள். இந்த மாத்திரையைத்தான் தேடுகிறார்கள் என்று தனக்குச் சத்தியமாகத் தெரியாது என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"இப்ப நீ குடிக்கிறது இல்லல்ல?"

"இல்ல."

"அப்போ உன்னுத குடு நைனா. அன்னிக்கி நான் குடுக்கல?"

அந்தக் கணக்கில் நாகமுத்துவுக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போனான். மூடியைத் திருகியபோது பாட்டில் கைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் எழுத்துக் கூட்டி வாசிப்பான். ஜோ, ச, ப் என்று விரலை வைத்து வாசித்தான். ஒரு குற்றமும் செய்யாத தன் மூத்திரம் இன்னொருவன் பெயரில் போகப்போகிறது. அது போய்விட்டால், தான் சுத்தம் என்று காட்ட அவனிடம் வேறு எதுவும் இல்லை. சாப்பிடும் இடத்துக்குத் திரும்பாமல் ஆபீசுக்கு நடந்தான். பின்னால் ஜோசப் கூப்பிடுவது கேட்டது. அவன் நிற்கவில்லை.

பாட்டிலை மேஜை மேல் வைத்தான்.

"சார், இது என்னுது. போன தபா குடுத்ததுதான் என்னுது இல்ல. சாராயம் குடிச்சிருந்தேன், அதான் மாத்திக் குடுத்துட்டேன்."

வீரராகவன் பாட்டிலில் இருந்த பெயரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"அப்ப அது யாருடையது?"

கதவருகில் மூச்சு வாங்க வந்து நின்ற ஜோசப்தான், "என்னுது சார்" என்றான்.

வீரராகவன் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "சாராயத்துக்கான டெஸ்ட்டுன்னு உனக்கு யாருப்பா சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றான் நாகமுத்து. தனக்கும் யாரும் சொல்லவில்லை, சர்க்கரை வியாதிக்கு என்று நினைத்ததாகச் சொன்னார் அவர். ஜோசப் பெயரைக் கிழித்துவிட்டு நாகமுத்து பெயரை எழுதி ஒட்டி, கூடவே ஒரு கடிதமும் வைத்து அனுப்பினார். அதன் முடிவு வருவதற்குள் போட்டியே முடிந்துவிட்டது; இருவரில் யாரும் போகவில்லை. மூத்திரம் சுத்தம் என்று அதில் இருந்தது. இருவரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. பர்மனென்ட் பேச்சை மட்டும் அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அன்று ஆபீசிலிருந்து இறங்கியதும் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இறால் குழம்பு ஆறிப்போயிருந்தது. நாகமுத்து பாதியை எப்போதும் போலத் தள்ளி வைத்தான். ஜோசப் சாப்பிட்டுக் கை கழுவினான். பழக்கத்தில் டப்பாவை எடுத்தான். ஆனால் திறக்கவில்லை.

"இத இன்னாடா பண்றது?" என்றான்.

நாகமுத்து டப்பாவை வாங்கிக் காதருகே குலுக்கிப் பார்த்தான்.