அண்ணையின் கை போனது கப்பலால் அல்ல

அண்ணை மேசையில் வைத்துக் கட்டிய சின்னப் பாய்க்கப்பலில் இருந்த கயிறுகளில் பாதியைக் கட்டியவன் நான்தான். பொய். ஒன்றுகூட நான் கட்டியதில்லை. ஒரே ஒரு முறை, அண்ணை வெளியே போயிருந்த நேரம், ஒரு முடிச்சுப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். பசையில் என் பெருவிரல் பாய்மரத்தோடு ஒட்டிவிட்டது. அவர் வரும்வரைக்கும் கப்பலுக்குக் கைலாகு கொடுத்தபடி நின்றேன். வந்தவர் பார்த்துவிட்டு, "அசையாதை, மரத்தை முறிச்சுப் போடுவாய்" என்றார். என் விரலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எனக்கு எழுத்து வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் மன்னித்து விட்டுவிட்டோம். ஆகவே நான் சொல்லச் சொல்ல, அண்ணையின் மகள், என் பெறாமகள், எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு முதலாவதாக வருகிறவள். என் வாயில் வருவதைக் கழுவித் துடைத்து அச்சுத் தமிழாக்குகிறாள். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே விடச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணை கண்ணை மூடுவதற்கு முன், தன் மனைவியிடம், அதாவது எங்கள் மச்சாளிடம், சொல்லச் சொல்லி ஒரு விஷயத்தை என்னிடம் விட்டுப் போனார். வருடம் ஒன்றாகப் போகிறது. நான் இன்னும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல நெஞ்சுரம் இல்லாதபடியால் அவருடைய இந்த நினைவு மலரிலே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முதலில் பிறப்பு வளர்ப்பை முறைப்படி சொல்லிவிடுகிறேன். எனக்கும் மூச்செடுக்கக் கொஞ்ச நேரம் வேண்டும்.

அண்ணை குருநகரில், கடலில் இருந்து கல்லெறி தூரத்தில் பிறந்தார். அப்பா கடலுக்குப் போய் ஒருநாள் திரும்பாமல் விட்டபோது அண்ணைக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டவரும் அண்ணை, அடி போட்டவரும் அண்ணை. இரண்டிலும் குறை வைக்கவில்லை. பிறகு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்துப் போனார். கலியாணம் செய்தார், மகள் பிறந்தாள், கப்பலுக்கும் வீட்டுக்குமாக ஓடித் திரிந்தார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் அவர் கொழும்பில் வந்து இறங்கி, யாழ்ப்பாண ரெயிலுக்குக் காத்திருந்த நேரம்தான் கலவரம் தொடங்கியது. தங்கியிருந்த அறைக்குள் பொல்லுகளோடு புகுந்தார்கள். அண்ணை கையில் அகப்பட்ட பெட்டியைத் தலைக்கு மேலே பிடித்தார். முதல் அடி பெட்டிக்கு, அடுத்தது தோளுக்கு, மிச்சமெல்லாம் முதுகுக்கு. பக்கத்து அறைக்காரரைக் காலில் பிடித்துப் படியால் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு படிக்கும் தலை அடிபட்ட சத்தத்தை அண்ணை எண்ணியிருக்கிறார். எத்தனை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அகதிகளை ஏற்றிய கப்பலில் அவர் காங்கேசன்துறைக்கு வந்தார். கூட்டிவரப் போனவன் நான்.

"சாமானுகள் எங்கை அண்ணை?"

"எரிஞ்சு போச்சு."

"அப்ப உது என்ன பெட்டி?"

"கப்பல்."

"கப்பலாலை இறங்கிற ஆளுக்குக் கக்கத்துக்குள்ளையும் ஒரு கப்பலோ?"

அண்ணை சிரிக்கவில்லை. பெட்டியின் மூடி பொல்லடியில் பிளந்திருந்தது. அதைப் பிடித்திருந்த கைகள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

சிங்கப்பூரில் வாங்கிய பெட்டி அது. பழைய காலத்து மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றைச் சின்னதாக, துண்டு துண்டாகப் பிளாஸ்ரிக்கில் வார்த்து அடைத்திருந்தார்கள். நாங்கள்தான் ஒட்டிப் பூட்ட வேண்டும். அண்ணை ஒவ்வொரு துண்டாகப் பிய்த்து, பிளேட்டால் ஓரம் சீவி, பூட்டத் தொடங்கினார். அடிபட்டு முறிந்திருந்த நடு மரத்துக்கு உள்ளே ஊசி ஏற்றி நிமிர்த்தினார். ஒட்டுகிற வேலை எவனும் செய்வான், கயிறு கட்டுகிறதுதான் வேலை என்பார். நூலை மெழுகுதிரியில் இழுத்து, சாவணத்தால் பிடித்து, மாலுமிகள் ஏறுகிற கயிற்றேணி ஒன்றைக் கட்டுவார். என் சுண்டுவிரல் நீள ஏணியில் முப்பது முடிச்சு. ஒரு பக்கத்தை இறுக்கினால் மற்றப் பக்கம் தளரும், மரம் சாயும். அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். அந்த வேலையில் இருக்கும்போது மட்டும் அவர் கை நடுங்காது. அதைக் கண்டபிறகு அந்த மேசைப் பக்கம் போக நாங்கள் ஒருவரும் துணியவில்லை, என் பெருவிரலைத் தவிர.

பிறகு ஷெல்லடி தொடங்கியது. ஷெல் கூவிக்கொண்டு வரும்போது அண்ணை ஓடிப்போய்க் கப்பலைச் சுற்றிக் கையை வளைத்துக்கொண்டு குனிந்து நிற்பார்.

"பிள்ளையைத் தூக்காமல் கப்பலைக் காக்கிற மனிசனை எங்கையாவது கண்டிருக்கிறியளோ?" என்று மச்சாள் கத்துவார்.

"பிள்ளை உம்மடை இடுப்பிலை கிடக்கு. இஞ்சை மிஞ்சினது இதுதானே."

எண்பத்தாறில் ஒரு காலை, கிணற்றடியில் விழுந்தது. எங்கள் அம்மா தண்ணீர் அள்ளப் போயிருந்தார். அம்மாவைப் பாயில் சுற்றித் தூக்கினோம். பாய் கனக்கவில்லை. அகப்பட்டது அவ்வளவுதான். இந்த இடத்தில் நான் பகிடி விடுவதில்லை.

அடுத்த வருடச் சண்டையில் வீடும் போனது. கப்பலையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கொக்குவிலில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். நூல் பெட்டி வீட்டோடு எரிந்துவிட்டது. கடை நூல் மயிர் விட்டுப் பிசிறும். பாய்மரத்தைத் தாங்குகிற கயிறு இழுபடக்கூடாது, நல்ல மெல்லிய கம்பி கிடைத்தால் விசேஷம் என்று அண்ணை ஒருநாள் வாய்க்குள் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. கப்பலிடம்தான் சொன்னார்.

எண்பத்தெட்டில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கலியாண வீடு, புதுமனை, பிறந்தநாள் என்று எங்கே கண்டாலும் நான் நடித்துக் காட்டிய கதை. அண்ணை கப்பலுக்கென்று ஒழுங்கையில் கிடந்த வயரைப் பொறுக்கி வருகிறார். அது இந்திய ஆமியின் ரெலிபோன் வயர். ஆமி வருகிறது. கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ் கதைக்கிற ஒரு சிப்பாய் வயர் கட்டிய கப்பலைக் காட்டிக் கேட்கிறான்: "யாருப்பா இதைப் பண்ணினது?" கப்பலைக் கேட்கிறான் என்று நினைத்து நான் நெஞ்சை நிமிர்த்தி, "அண்ணைதான் ஐயா. அஞ்சு வருசமாச் செய்யிறார்" என்கிறேன். அவன் கண் பிதுங்க, "அஞ்சு வருசமாவா? நாங்க வந்தே ஒரு வருசம் ஆகலியேப்பா!" என்கிறான். அண்ணையும் சந்தோஷமாக, "ஓம் ஐயா, இன்னும் முடியேல்லை. உங்களிட்டை வேறை கம்பி கிடக்கோ?" என்கிறார். இந்த இடத்தில் சாப்பாட்டுப் பந்தல் முழுக்கச் சிரிக்கும். அண்ணையும் ஒரு மூலையில் இருந்து சிரிப்பார், வலது கையைச் சாறத்துக்குள் மறைத்துக்கொண்டு.

அந்தக் கையில் மூன்று விரல் சிதைந்துபோனது. கப்பலைச் சப்பாத்தால் மிதித்தார்கள். அன்றிலிருந்து மச்சாளின் வாயில் ஒரே வசனம்: "உந்தக் கப்பல் விசராலைதானே கை போனது. விசர் மனிசன்." சமைக்கும்போதும் சொல்வார், அண்ணைக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிவிடும்போதும் சொல்வார். ஆறு வருடம் சொன்னார். அண்ணை ஒருநாளும் மறுமொழி சொன்னதில்லை.

நொறுங்கின துண்டுகளைச் சீனிப் பையில் பொறுக்கி வைத்திருந்து, இடது கையாலும் பல்லாலும் திரும்பப் பூட்டினார். பசை இல்லாத காலம். கழிவுப் பிளாஸ்ரிக்கைப் பெற்றோலில் கரைத்தால் பசை வரும். பெற்றோலோ மருந்துக்கும் இல்லை. போன வருடம், நல்லூர்ப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற ஒருவரிடம் ஒரு போத்தல் மூடி அளவு பெற்றோல் கேட்கப் போனார். பொம்பர் விமானம் வந்து குண்டு போட்டது. கடைக்காரர் அந்த இடத்திலேயே முடிந்தார். அண்ணைக்கு வயிற்றில் சிதறு துண்டுகள். நான் போய்ச் சேர்ந்தபோது குடலைத் தன் கையாலேயே பொத்திப் பிடித்துக்கொண்டு சுவரோடு இருந்தார். இடது கையால்தான்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். இரண்டாம் நாள் பகல், காயத்துக்கு மருந்து கட்ட வந்த தாதி பயந்த முகத்தோடு நின்றாள். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நான் வயர்க் கதையைத் தொடங்கினேன். "யாருப்பா இதைப்..." என்றதும் அண்ணை கண்ணைத் திறந்தார்.

"டேய். உந்தக் கதையை விடு."

"ஏன் அண்ணை, நோகுதோ?"

"அவள் ஆறு வருசமாக் கப்பலைத் திட்டுறாள். கை போனது கப்பலாலை இல்லையெண்டு ஒருக்கா அவளுக்குச் சொல்லு. நான் சொன்னால் அது உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி."

அடுத்த நாள் விடியப் போய்விட்டார்.

இனி நன்றி. சைக்கிளில் கதிரையைக் கட்டி அண்ணையைக் கொண்டு ஓடிய அந்த இரண்டு பேருக்கும், இரத்தம் கொடுத்த சகோதரிக்கும், பலகை இல்லாத காலத்தில் தன் வீட்டுக் கதவைக் கழற்றிப் பெட்டி செய்து தந்த தச்சனாருக்கும், குழி வெட்டும்போது பொம்பர் இரைந்தும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடாதவர்களுக்கும், கொப்பித்தாளில் இந்த மலரை அடித்துத் தருகிற அச்சகத்தாருக்கும்...

"சித்தப்பா, நில்லுங்கோ. நன்றி கடைசியிலை. கை எதாலை போனது?"

"உனக்கு எழுதுறதுதானே வேலை."

"அதைச் சொல்லாமல் நான் ஒரு எழுத்தும் எழுதமாட்டன்."

சரி, எழுது பிள்ளை.

அந்த வயரை அண்ணை பொறுக்கவில்லை. நான் அறுத்தேன். ஒழுங்கையில் கிடக்கவும் இல்லை. வேலியோடு இழுத்துக் கட்டியிருந்தது, யாருடையது என்று எனக்குத் தெரியும். அண்ணையை ஒருக்கால் ஆச்சரியப்பட வைக்க வேண்டும் என்று, மீன் வெட்டுகிற கத்தியால் இரண்டு பாகம் நீளத்துக்கு அறுத்துக்கொண்டு வந்தேன். எங்கே எடுத்தாய் என்று கேட்டார். ஒரு பெடியன் தந்தான் என்றேன். அண்ணை அதைப் பிரித்து, உள்ளே இருந்த மெல்லிய கம்பியை எடுத்து இரண்டு பக்கமும் கட்டிவிட்டார். அவ்வளவு வடிவாக இருந்தது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மச்சாளும் நீயும் பூசைக்குப் போயிருந்தீர்கள். வயரின் வழியைப் பிடித்து ஆமி வந்தது. ஐந்து பேர். எங்கள் இருவரையும் முழங்காலில் இருத்தினார்கள். தமிழ் தெரிந்தவன் அறுந்த நுனியை என் மூக்குக்கு முன்னால் பிடித்து, "இந்த வயரை யாரு அறுத்தது?" என்று கேட்டான். இரண்டு விரலால் வெட்டியும் காட்டினான். 'பண்ணினது' என்ற சொல் அவன் வாயில் வரவே இல்லை. அதைப் பிறகு கட்டினவன் நான். அண்ணை கப்பலுக்குக் கயிறு கட்டினார், நான் கதை கட்டினேன்.

எனக்கு நன்றாக விளங்கியது. என் சாறம் அதற்குள் நனைந்துவிட்டது. நான், "அவர்" என்றேன். ஒரே சொல்.

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். வயர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கும். பிறகு அவர்களைப் பார்த்து, "ஓம்" என்றார். கையை மேசையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். துவக்குப் பிடியால் இடித்தார்கள். முதல் இடிக்கே எலும்பு நொறுங்கின சத்தம் கேட்டது. ஆனால் நிறுத்தவில்லை. அண்ணை கத்தவில்லை. கத்தினது நான். என்னை ஒருவரும் தொடவே இல்லை.

அவர்கள் போனபிறகு அண்ணை, "மச்சாள் வரமுன்னம் சாறத்தை மாத்து" என்றார். பிறகு...

"சித்தப்பா, கொஞ்சம் பொறுங்கோ."

"ஏன், கை நோகுதோ?"

"இதை அம்மா அச்சிலையோ வாசிக்கிறது? வாற சனத்துக்கு நடுவிலை இருந்து?"

"நேரை சொல்ல ஏலாதபடியாத்தானே..."

"தம்பி! எங்கை நிக்கிறீர்?" பின்விறாந்தையில் இருந்து மச்சாளின் குரல். "சாவகச்சேரியிலையிருந்து அக்காவையள் வந்திருக்கினம். ஒருக்கா வந்து அந்த வயர்க் கதையைச் சொல்லும். கேட்டுக் கன நாளாம்."

பெறாமகள் பேனையை மூடாமல் என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

"வாறன் மச்சாள்!"

"என்ன செய்யப் போறியள், சித்தப்பா?"

"இவ்வளவும் எழுதிப் போட்டியோ?"

"ஓம்."

"அப்ப தாளையும் எடுத்துக்கொண்டு என்னோடை வா. அங்கை நான் பகிடிக்கு இழுத்தனெண்டால், நீ எழும்பி நிண்டு உந்தத் தாளை வாசி."